அன்றைக்கு ஓட்டம் மட்டும்தான்

என் அத்தானுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் குய்யோ முறையோ என்று கத்துவார்கள். இவர் வெளியே நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, கீழ விழாது, நாலு கம்பிக்கயிறு இருக்கு," என்று சாவகாசமாகச் சொல்வார். கோபமே வராத மனுஷன். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவன் செய்கிற தப்புக்கு நான் பிரேக் மிதிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அக்கா புருஷன் வீட்டுக்குள்ளேயே ஒரு விமானம் கட்டினார்.

பொம்மை விமானம் இல்லை. ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மரச்சட்டமும் இரும்புக் குழாயுமாகச் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். எனக்கு அதுவரை தெரியாது, தெரியாமல் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

"காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எல்லாரையும் மேல ஏத்தி இறக்குறேன் மாப்ளே. நானே கட்டினதுல நான் ஒரு தடவை ஏறக் கூடாதா?" என்றார்.

"மேல ஏறணும்னா மாடிப்படி இருக்கே அத்தான்," என்றேன். சிரித்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விமானத்தின் உடம்பை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கட்டினார். இறக்கைகள் நீளம் என்பதால் அவை ஹாலுக்கு வந்துவிட்டன. கூரையிலிருந்து கயிறு கட்டி இரண்டையும் தொங்கவிட்டிருந்தார். அந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். மீட்டர் பார்க்க வந்தவர் நெற்றியில் வாங்கிக்கொண்டு, அடுத்த தடவையிலிருந்து வாசலில் நின்றே அளவு கேட்டு எழுதிக்கொண்டு போனார். டிவி பார்க்க வேண்டுமென்றால் இறக்கைக்கு அடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இப்படியே ஒன்பது வருஷம். நான் போகும்போதெல்லாம், "இன்னும் முட்டை பொரிக்கலியா?" என்று கேட்பேன். அத்தான் டீ போட்டுக் கொடுப்பார்.

என் அக்கா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். முதலில் அவளும் இந்தக் கூத்தைக் கண்டுகொள்ளவில்லை. சட்டங்கள் முடிந்து, அவற்றின் மேல் துணி போர்த்தும் கட்டம் வந்தது. அத்தான் ஒட்டிய துணி கோணலும் மாணலுமாக இருந்ததைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க, பார்க்கவே சகிக்கல," என்று அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அன்றிலிருந்து அவளுக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது. துணியை ஒட்டிய பிறகு அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்ட வேண்டும். சூட்டில் துணி இழுத்துக்கொண்டு விறைப்பாகும். சூடு குறைந்தால் தொங்கும், கூடினால் உள்ளே இருக்கும் சட்டம் வளைந்துவிடும். அவள் கை அதில் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

அப்புறம் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இறக்கையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி நிறுத்தி, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். முழங்கை நீளத்துக்கு ஒரு ஊசி. இவள் குத்தித் தள்ளினால் அவர் இழுத்து, சட்டத்துக்கு மறுபக்கமாகத் திருப்பிக் குத்துவார். அவர் முகம் இவளுக்குத் தெரியாது, இவள் முகம் அவருக்குத் தெரியாது. ஊசி மட்டும் வரும், போகும். இறக்கையின் நுனிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

"ஏங்க," என்றாள் அக்கா.

"ம்."

"இது மொத மொதல்ல தரையை விட்டுக் கிளம்புறப்போ நான் அங்க நிக்கணும்."

"நீ இல்லாமயா?"

"பேச்சுக்குச் சொல்லாதீங்க. நல்லபடியா போனாலும் சரி, ஏடாகூடமா ஆனாலும் சரி, நான் கண்ணால பார்க்கணும். எங்க அப்பா சேதி மாதிரி இதையும் என்னால போன்ல கேக்க முடியாது."

எங்கள் அப்பா லாரி ஓட்டினார். வெளியூரிலேயே இறந்துபோனார். அந்தச் சேதி வந்த போனை எடுத்தவள் அக்காதான், அப்போது நான் சின்னவன். அத்தானுக்கு இது தெரியும். கொஞ்ச நேரம் ஊசி திரும்பி வரவில்லை.

"நீ வந்து நிக்காம இது கிளம்பாது. சத்தியம்," என்றார் அந்தப் பக்கத்திலிருந்து. அப்புறம்தான் ஊசி வந்தது.

ஊருக்கு வெளியே, வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானங்கள் இறங்கும் சின்ன ஓடுபாதை ஒன்று உண்டு. லீவு நாட்களில் அங்கே போய் அத்தான் பறக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். விமானத்தை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தோம். சோதிக்க வந்த அதிகாரி ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா இதை இதுவரைக்கும் யாரும் ஓட்டினதில்ல. உள்ள என்ன தப்பு இருக்குன்னு மேல போனாத்தான் தெரியும்," என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பறத்தல் என்று முடிவானது. அக்கா கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். கத்தரி பிடிக்கிறவர் முதல் முதலாளி வரை வேன் பிடித்து வருவதாக ஏற்பாடு.

அதற்கு முன்னால் வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்திருக்கும் வால் தூக்குகிற வேகம் வரை ஓடுபாதையில் ஓட்டி, எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். வியாழக்கிழமை காலை அத்தான் கிளம்பும்போது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு ஓட்டம் மட்டும்தான். நீ வேலைக்குப் போ," என்றார்.

"ஓட்டம் மட்டும்தானே?"

"மட்டும்தான்."

தீயணைக்கும் சிலிண்டரைக் காரில் வைத்துக்கொண்டு நான் ஓடுபாதையின் நடுவில் ஓரமாக நின்றேன். இரண்டு தடவை மெதுவாக ஓட்டினார், ஒன்றும் குறையில்லை. மூன்றாவது தடவை வேகமாக வந்தார். வால் தூக்கியது. சரி, இப்போது குறைப்பார் என்று பார்த்தால், எதிரிலிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டது. என் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அந்த வண்டியில் எனக்கு ஏது பிரேக்?

எவ்வளவு தூரத்தில் எது நிற்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். அவருக்கு முன்னால் பாதி ஓடுபாதை காலியாகக் கிடந்தது. குறைத்திருந்தால் இறங்கி நின்றிருக்கலாம். எஞ்சின் சத்தம் குறையும், குறையும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. என் தலைக்கு மேலாக ஏறிப் போனார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலை வெயில் துணிக்குள் புகுந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு தையல் வரிசையும் கீழிருந்தே தெரிந்தது. அப்படி ஒரு அழகு! ஒன்பது வருஷம் கேலி பேசிய வாய்க்கு "அடேயப்பா" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. ஐயோ, அக்கா இல்லையே! போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது? எதைப் போனில் கேட்க மாட்டேன் என்றாளோ, அதையா? படம் எடுக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வந்தார். வேகம் அதிகம். சக்கரம் தரையில் பட்டு எகிறியது, மறுபடி விழுந்தது, ஒரு பக்கத்துச் சக்கரக் கால் மடங்கியது. இறக்கை தரையைக் கிழித்துக்கொண்டு போய், அப்படியே அரைவட்டம் திரும்பி நின்றது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, தீ இல்லை. அத்தான் உடைந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவகிட்ட என்ன சொல்றது மாப்ளே?" என்றார்.

கடைசியில் நான்தான் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "பறந்துச்சா?" என்று கேட்டாள்.

"காத்துல தானா கிளம்பிடுச்சு."

"நிறுத்தியிருக்க முடியாதா?"

"பாதை போதல," என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தால் அந்த மனுஷனுக்கு மனசாவது ஆறியிருக்கும்.

விமானம் சரி செய்யக்கூடியதுதான். கட்டுப் பிரித்ததும் அத்தான் புதுச் சட்டம் செய்தார், கிழிந்த இறக்கை மறுபடி ஹாலுக்கு வந்தது. துணி போர்த்தும் நேரம் வந்தபோது அக்கா, "எனக்கு இடுப்பு வலிக்குது," என்றாள். அடுத்த வாரமும் இடுப்பு வலித்தது. ஒருநாள் போனபோது பார்த்தேன். அத்தான் தானே ஒட்டி, தானே தைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நின்று ஊசியைக் குத்துவார், இறக்கையைச் சுற்றி அந்தப் பக்கம் ஓடி இழுப்பார், திரும்பக் குத்திவிட்டு இந்தப் பக்கம் ஓடி வருவார். "நான் பிடிக்கிறேன் அத்தான்," என்றேன். "உனக்குப் பொறுமை இல்ல மாப்ளே," என்றார். அக்கா சமையலறையில் இருந்தாள். கொஞ்ச நாளில் ஊசியை எடுத்து வைத்துவிட்டார்.

இதே கிறுக்குப் பிடித்த வேறொருவர் வெளியூரிலிருந்து வந்து விமானத்தை விலைக்கு வாங்கி, எஞ்சின் முதல் இறக்கை வரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று ஹால் மைதானம் மாதிரி இருந்தது. மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"பாதை இருந்துச்சு," என்றார் அத்தான் திடீரென்று.

"தெரியும்," என்றாள் அக்கா.

"நிறுத்தியிருக்கலாம். உன்னை நினைச்சேன். நினைச்சும் எஞ்சினைக் குறைக்கக் கை வரல."

அவள் அண்ணாந்து, கூரையில் காலியாகத் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மேல இருந்து என்னங்க தெரிஞ்சுது? எங்க கடை தெரிஞ்சுதா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணும் பார்க்கல. வேகம் காட்டுற முள்ளு மேலேயே கண்ணு இருந்துச்சு. அது குறைஞ்சா விழுந்துடுமேன்னு பயம். வெளியே திரும்பவே இல்ல."

"ஒரு தடவை கூடவா?"

"ஒரு தடவை கூட."

"அட பாவி மனுஷா! நீங்களும் பார்க்கலியா?" என்றாள் அக்கா. அவள் அன்றுதான் அழுதாள். அவருக்காகத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். அழுகையோடு என் பக்கம் திரும்பினாள். "நீ பார்த்தேல்லடா? எப்படி இருந்துச்சு?"

தெருமுனை டீக்கடையில் கையை விரித்துக் காட்டி நூறு தடவை சொன்ன கதை அது.

"நல்லா இருந்துச்சுக்கா," என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

இரண்டு பேரும் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.