டிங்கர்காரர் தட்டாத கார்

கல்யாணச் சவாரிக்கு விடலாம் என்று அரை ஏக்கரை விற்று, ஒரு புரோக்கர் மூலமாகப் பழைய வெளிநாட்டுக் கார் பார்த்தேன். பெயிண்ட் பளபளத்தது. எனக்குச் சந்தேகம் என்றதும், புரோக்கரே தர்மபுரியில் தனக்கு வேண்டிய டிங்கர்காரரிடம் கூட்டிப்போனார்.

ஒல்லியான ஆள். புருவமெல்லாம் தகரத் தூசி. எந்தக் காரையும் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பவர் என்றார்கள். இதைத் தட்டவில்லை.

“வேணாங்க. அடித்தகரம் பூராத் துரு. பட்டி வெச்சு மூடிப் பெயிண்ட் அடிச்சிருக்குது. ரெண்டு மழைக்குத் தாங்காது.”

“தட்டிக்கூடப் பாக்கலயே, எப்பிடிங்க தெரியும்?”

“மூடுனதே நாந்தானுங்க.”

“இனி எந்த வண்டி உங்கிட்ட வருதுன்னு பாக்கறேன்டா” என்று புரோக்கர் கத்தினார். டிங்கர்காரர் பக்கத்து வண்டியைத் தட்டிக் காது வைத்தார்.

நான் பணத்தோடு காரிமங்கலம் பஸ் ஏறினேன். அவருக்கு வேலை கொடுப்பவர் புரோக்கர். நான் அன்றைக்குத்தான் பார்த்த ஆள். பட்டி பூசும்போது வராத மனசு, நான் எதிரே நின்றதும் ஏன் வந்தது? இன்றும் புரியவில்லை.