ஒன்றும் முளைக்காத தட்டு

பெனிசிலினை அதிர்ஷ்டத்தில் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். என் மகளின் பள்ளியில் போன வருடம் அறிவியல் கண்காட்சிக்கு அந்தக் கதையைத்தான் அட்டையில் ஒட்டச் சொன்னார்கள். அவளும் 'லக்கி ஆக்சிடென்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். நான் அதைக் கிழிக்கச் சொன்னதில், அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சின்னப் போரே நடந்தது.

நடந்தது இதுதான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அந்த ஸ்காட்லாந்துக்காரர் கிருமி வளர்த்த தட்டுகளை மேசையில் அப்படியே போட்டுவிட்டு லீவில் போனார். எங்கள் லேபில் அப்படி ஒரு மேசையை வைத்திருந்தால் எனக்கு மெமோ வந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் ஒரு தட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. பூஞ்சை பிடித்த தட்டை நாங்கள் தினமும் பார்க்கிறோம், மூக்கைச் சுளித்து மஞ்சள் குப்பைப் பையில் போடுகிறோம். அவர் கழுவப் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பூஞ்சையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வெறுமையாக ஓர் இடம் இருந்தது. ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து ஏன் இல்லை என்று கேட்டார். அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

நான் அஜ்மானில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினோரு வருடமாகக் கிருமி வளர்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. என் வேலையில் நான் கெட்டிக்காரி. இதை அடுத்தவர் சொல்லக் காத்திருந்தால் ரிட்டயர் ஆகிவிடுவேன் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடம் கோடை தொடங்கும்போது கட்டடத்துக்குக் கம்பி கட்டும் ஒருவரின் சீழ் என்னிடம் வந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் கட்டுக்கம்பி குத்தி வீங்கியிருந்தது. டாக்டர் கீறி, சீழ் எடுத்து அனுப்பியிருந்தார். கிருமி விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் இறங்கிவிட்டால் அந்த விரல் பிறகு மடங்காது என்று என்னிடம் போனில் சொன்னார். விரல் மடங்காதவன் கம்பி கட்ட முடியாது. கம்பி கட்ட முடியாதவனைக் கம்பெனி விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடும். படிவத்தில் 'முன்பு மருந்து ஏதாவது எடுத்தாரா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. ரிசல்ட் வரட்டும், அதுவரை டிரெஸ்ஸிங் போதும் என்று டாக்டர் காத்திருந்தார்.

சீழை ஸ்லைடில் தடவிச் சாயம் போட்டு நானே பார்த்தேன். திராட்சைக் கொத்தாகக் கிருமி, சந்தேகமே இல்லை. அதே சீழைத் தட்டிலும் தடவி வைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று, தட்டு கழுவி வைத்ததைப்போல் இருந்தது. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

கூட வேலை பார்க்கும் பெண், 'வளர்ச்சி இல்லை' என்று போட்டுவிடலாமே என்றாள். கம்ப்யூட்டரில் ஒரு தட்டல், வேலை முடிந்தது. அவள் சொன்னதில் விதிப்படி தப்பும் இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் போனால் டாக்டர், கிருமி இல்லை, வெறும் அடிபட்ட வீக்கம் என்று நினைத்து அந்த ஆளை டியூட்டிக்கு அனுப்பிவிடுவார். ஸ்லைடில் கொத்துக் கொத்தாக இருந்தவை தட்டில் எங்கே போயின? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மருந்து பட்ட கிருமி ஸ்லைடில் தெரியும், தட்டில் முளைக்காது. அந்த ஆள் பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். டாக்டரிடம் சொன்னேன். 'நான் கேட்டேன், ஒன்றும் சாப்பிடவில்லை என்கிறார், வேண்டுமானால் நீயே கேள்' என்றார் அவர்.

கம்பி கட்டுபவர் ரிசல்ட்டுக்காகக் கீழே உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும், புதுக்கோட்டைப் பக்கம். பக்கத்தில் கேம்ப் போர்மேன். 'மேடம்' என்று எழுந்தவரைத் தனியாக அழைத்துப் போய்த் தமிழில் பேச, 'அக்கா' ஆனேன். மருந்து எதுவும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். போர்மேன் இருந்த திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் போனை எடுத்து, ஸ்லைடையும் தட்டையும் பிடித்திருந்த இரண்டு படங்களைக் காட்டினேன்.

"தம்பி, ரெண்டும் உங்க சீழ்தான். இதுல கிருமி இருக்கு, இதுல இல்ல. நடுவுல ஒரு மாத்திரை புகுந்திருக்கு. அது என்ன மாத்திரைன்னு சொன்னா விரல் பிழைக்கும். நான் போர்மேன்ட்ட சொல்ல மாட்டேன்."

பிறகு சொன்னார். அவர்கள் ரூமில் எட்டுப் பேர். லீவு முடிந்து வருகிற ஒவ்வொருவரும் ஊர் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வர வேண்டும், காய்ச்சலுக்கு, வயிற்றுக்கு, புண்ணுக்கு. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போய்ச் சேரும். உடம்பு சரியில்லாதவன் எடுத்துக்கொள்வான். ஆனால் வலி நின்றதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிட வேண்டும், அடுத்தவனுக்கு வேண்டுமே. முழு மாத்திரை அட்டையையும் விழுங்குகிறவனை அந்த ரூமில் சுயநலக்காரன் என்பார்கள். இவர் புண் மாத்திரை இரண்டு போட்டிருக்கிறார், இரண்டாவதை ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று காலையில். வலி குறைந்ததும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிட்டார். தொண்டை வலிக்காரர் ஒருவர் அதிலிருந்து இரண்டு எடுத்திருக்கிறார். ரூமில் இப்படி மருந்து புழங்குவது கம்பெனிக்குத் தெரிந்தால் நோயாளிகள் என்று அனுப்பிவிடுவார்கள் என்பதால் டாக்டரிடம் மறைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே அவர்கள்மேல் ஒரு பிரியமும் வந்தது, அதை மறுக்க மாட்டேன். எட்டுப் பேர் ஒருவருக்கொருவர் உதவியாக இருந்து கிருமிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அரைகுறையாக மருந்து கொடுத்தால் கிருமி அதை எதிர்க்கத் தேறிவிடும் என்று அந்த ஸ்காட்லாந்து விஞ்ஞானியே பிற்காலத்தில் எச்சரித்திருக்கிறார். கண்காட்சி அட்டையில் அதை யாரும் ஒட்டுவதில்லை.

டாக்டர் மறுபடி சீழ் எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கினார். பழைய மாத்திரையின் வேகம் தீர்ந்திருந்ததால் இந்த முறை தட்டில் முளைத்தது. மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைத்தேன். மறுநாள் வில்லைகளைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டங்கள் தெளிவாக விழுந்திருந்தன. டப்பாவில் இருந்த மாத்திரைக்கும் நல்ல வட்டம். முழுசாகப் போட்டிருந்தால் அதுவே போதுமாக இருந்திருக்கும். டாக்டர் தொடங்கியிருந்ததும் அதே மருந்துதான், ஏழு நாளைக்கு.

மூன்றாம் நாள் வலி நின்றுவிடும், மிச்சம் டப்பாவுக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் சாயங்காலம் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். லேபில் இருந்துகொண்டு உனக்கு எதற்கு இந்த வேலை என்று என் கணவர் கிண்டல் செய்தார். முதல் மூன்று நாள் படம் வந்தது. நான்காம் நாள் வரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் இருந்தே போன் போட்டேன். வீக்கம் வடிந்துவிட்டதாம். தொண்டை வலிக்காரருக்கு மறுபடி காய்ச்சலாம், மாத்திரையைக் கேட்கிறாராம்.

"ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு, கையில வச்சுக்கிட்டே இல்லன்னு எப்புடிக்கா சொல்றது?"

நியாயமான கேள்வி. எட்டுக் கட்டில் போட்ட அறையில் அந்தக் கேள்விக்கு என் படிப்பில் பதில் கிடையாது. அதனால் படிப்பை விட்டுவிட்டேன்.

"நீங்க சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரில ஒரு அக்கா மாத்திரையை எண்ணுதா, கொறஞ்சா உசுர வாங்கிருவான்னு சொல்லுங்க. அவரைக் காலையில இங்க வரச் சொல்லுங்க, அவருக்குத் தனியா டாக்டர்ட்ட காட்டி வாங்கித் தாரேன்."

மறுமுனையில் முதல்முறையாகச் சிரித்தார். அரை மணியில் படம் வந்தது. மறுநாள் தொண்டை வலிக்காரர் வந்து, எண்ணுகிற அக்கா யார் என்று ரிசப்ஷனில் கேட்டாராம். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

ஏழாம் நாள் படம் வந்தபோது நான் சாயங்கால பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அட்டையில் ஒரு மாத்திரைகூட இல்லை. அதுவரை வந்த படங்களில் அட்டை கட்டில் விரிப்பின்மேல் கிடக்கும். இந்தப் படத்தை வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும், கம்பி கட்டுபவர் அட்டையை வலது கையில் தூக்கிப் பிடித்திருந்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு எதிரே அந்த ஆள்காட்டி விரல் நன்றாக மடங்கியிருந்தது.