சித்தப்பாவுக்குத் தெளிக்காத தண்ணீர்

சித்தப்பா ஆக்லாந்தில் எங்கள் ஒடாஹுஹு வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது தோளில் ஒரு மாட்டுத்தொடையைச் சுமந்துகொண்டு வந்தார். அது விபூதிப் புதனுக்கு முதல் நாள். தவக்காலத்துக்காக இறைச்சியை விலக்கப்போகிற கத்தோலிக்க வீட்டு வாசலில், அதுவும் அன்றைக்குப் பார்த்து, ஒரு மனிதர் முழுத்தொடையோடு வந்து நின்றால் என்ன செய்வதென்று எந்த ஞானோபதேசத்திலும் எழுதியிருக்கவில்லை. அம்மா கதவைத் திறந்து முதலில் தொடையைப் பார்த்தார். பிறகுதான் சித்தப்பாவைப் பார்த்தார்.

அவர் என் அம்மாவின் தங்கையின் கணவர். சுமாத்திராவின் வடக்கு முனையிலுள்ள ஆச்சே என்ற பகுதியைச் சேர்ந்தவர். பினாங்கில் வேலைக்குப் போன சின்னம்மா அங்கே அவரைச் சந்தித்து, அவருடைய மார்க்கத்தைத் தழுவி, நிக்காஹ் செய்துகொண்டார். செய்தி மன்னாருக்குப் போய்ச் சேர்ந்த அன்று என் தாத்தா, "அவளுக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம். இனி அவள் எங்கள் மகள் இல்லை என்பது அதன் பொருள். தமிழில் ஒரு பிள்ளையைக் கைகழுவுவதற்கு இவ்வளவு சிக்கனமான நடைமுறை இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உண்மையில் செலவாவதில்லை.

பிறகு சித்தப்பாவுக்குத் தெற்கு ஆக்லாந்தில் ஓர் இறைச்சி ஆலையில் ஹலால் முறைப்படி ஆடறுக்கும் வேலை கிடைத்து, இருவரும் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பிளாட்டுக்கு வந்தார்கள். அம்மா தங்கையை ஒளித்து வைத்து நேசித்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் சின்னம்மா ஆக்லாந்திலேயே இல்லை.

தொடைக்கு விளக்கம் சின்னம்மாதான் தந்தார். ஆச்சேக்காரர்கள் ரமழான் நோன்பு தொடங்குவதற்கு முதல் நாளை மெகாங் என்பார்கள். அந்த ஆண்டு ரமழானும் தவக்காலமும் ஒட்டி வந்தன. அன்று எந்த ஏழை வீட்டு அடுப்பிலும் இறைச்சி வேக வேண்டும். மருமகன் மனைவியின் வீட்டுக்கு இறைச்சியோடு போக வேண்டும். போகாதவன் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. மனைவியின் வீடு மன்னாரில் இருந்தது. நடுவே கடலும் போரும் தாத்தாவும் இருந்தார்கள். ஆகவே மனைவியின் அக்கா வீடே அவருக்கு மனைவியின் வீடாயிற்று. அம்மா எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, இறைச்சியைத் துண்டுகளாக்கி, உயிர்த்த ஞாயிறுக்கென்று ஃப்ரீசருக்குள் அடுக்கி மூடினார். அன்றே சமைத்து அன்றே கூடி உண்ண வேண்டிய இறைச்சி அது. மூடிய ஃப்ரீசர் கதவைச் சித்தப்பா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

மலாய் மொழியில் அக்காவைக் 'காக்' என்று அழைப்பார்களாம். அவர் அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். "காகத்துக்குச் சோறு வைக்கிற மாதிரிக் கூப்பிடுறார்" என்று அம்மா அவர் முன்னாலேயே குறைப்பட்டுக்கொண்டார். பினாங்கில் பொறுக்கிய பாதித் தமிழில் அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அப்பா அவருடைய ஊரின் பெயரை வைத்தே விளையாடுவார். தொலைபேசியை எடுத்ததும் "என்ன, ஆச்சே?" என்பார். சித்தப்பா அதை நலம் விசாரிப்பு என்று எண்ணி, "ஆச்சே நல்லம்" என்பார்.

நல்லமாக இல்லை என்பது அந்த ஆண்டு குளிர்காலத்துக்கு முன்னரே தெரிந்துவிட்டது. ஊரில் இராணுவம் வந்து அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதென்று செய்தி வந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள், ஏன் பிடித்தார்கள், ஒன்றும் தெரியாது. அவருடைய தாய் ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நிற்கிறாராம். தான் மூத்த மகன், போயே ஆகவேண்டும் என்றார் சித்தப்பா.

இந்த விஷயத்தில் அம்மாவுக்குச் சுமாத்திராவின் வரைபடம் தேவைப்படவில்லை. மன்னாரில் வளர்ந்தவருக்கு அந்த நடைமுறை மனப்பாடம். தேடிப் போகிறவரையும் பிடிப்பார்கள், அவரையும் தேடி இன்னொருவர் போவார், இப்படியே ஒரு வீட்டின் ஆண்கள் தீர்ந்துபோவார்கள் என்று தங்கையிடம் சொன்னார். சின்னம்மா அதை மொழிபெயர்த்தார். சித்தப்பா மரியாதையாகக் கேட்டார். பிறகு விமானச் சீட்டை எடுத்துவிட்டார்.

போவதற்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் இருவரும் வந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். சித்தப்பா என் கொப்பிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மேசையில் ஒரு கோப்பையை வைத்தார். அதில் அரிசிமா கரைத்த தண்ணீர். பக்கத்தில் ஒரு தட்டில் மஞ்சள் நிறச் சோறு, ஒரு கை அரிசி, புல்லும் இலையும் சேர்த்துக் கட்டிய ஒரு சிறு கட்டு. அந்த இலை எனக்குத் தெரியும். பிளாட்டில் இடமில்லாததால் எங்கள் வீட்டுப் பைப்படியில் ஐஸ்கிரீம் வாளியொன்றில் அவர் வளர்த்த தடித்த இலைச் செடி. கிள்ளிப் போட்டால் இலையின் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும்.

சித்தப்பா மனைவியிடம் ஏதோ சொன்னார். சின்னம்மா அதை அப்படியே தமிழில் சொன்னார்.

"அக்கா, இவர் போக முந்தி நீதான் இவருக்குத் தண்ணி தெளிச்சு விடோணுமாம்."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை நின்றது.

"என்னடி சொன்னனீ?"

"அவையின்ர முறை. வீட்டில மூத்த ஆள்தான் தெளிக்கோணும்."

"எனக்குக் குத்திக் காட்டுறியோ? உனக்குத் தெளிச்சது அப்பா. நான் இல்லை."

"ஐயோ அக்கா, நான் அதைச் சொல்லேல்லை. அந்தத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற."

"தண்ணியில என்னடி வேற?"

சின்னம்மா விளக்கப் பார்த்தார். அதன் பெயர் பெசிஜுக். குளிர்விப்பது என்று அர்த்தம். பிரயாணம் போகிறவர், புது வீடு புகுகிறவர், ஹஜ்ஜுக்குப் போகிறவர், வாகனம் வாங்கியவர், ஆபத்திலிருந்து தப்பியவர் எல்லாருக்கும் செய்வார்களாம். புதுக் காருக்குக்கூடச் செய்வார்களாம். கெட்ட செய்தி ஆளைச் சூடாக்கிவிடுகிறது. சூட்டோடு புறப்படுகிறவன் திரும்ப மாட்டான். பெரியவர் ஒருவர் இலையால் தண்ணீர் தெளித்து, அரிசி தூவி, ஒரு பிடி மஞ்சள் சோற்றை வாயில் வைத்து அனுப்பினால் அவன் குளிர்ந்து போய்க் குளிர்ந்து வருவான். மவுண்ட் ரோஸ்கில்லில் தொழுகை நடக்கும் இடத்தில் ஃபிஜிக்காரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டாராம். அவர், கிதாபில் இல்லாததை மார்க்கத்தில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். நடைமுறையில் இல்லாத காரியத்துக்குக் கைகொடுக்க யாரும் முன்வருவதில்லை. இது எல்லா மதங்களுக்கும் எல்லா அலுவலகங்களுக்கும் பொது. மேலும் ஆச்சேயில் வீடு பெண்ணுடையது, ஆண் அங்கே விருந்தாளி. எனவே மனைவியின் அக்காவே அவருக்கு மூத்தவர். ஓத வேண்டியதை அவரே ஓதிக்கொள்வார், அம்மா கையை மட்டும் தந்தால் போதும்.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சமாதானம் செய்ய முயன்றார். "கோயில்ல சாமி தெளிக்கேக்க நீர் குனிஞ்சு வாங்கிறீர்தானே."

"அது தீர்த்தம்."

"சாமி அதைப் பைப்பில பிடிக்கிறதை நான் கண்டனான்."

சித்தப்பா எழுந்து அம்மா முன்னால் வந்து நின்றார். மனைவியை விலக்கிவிட்டுத் தன்னுடைய தமிழில் தானே பேசினார்.

"காக். நான் சூடு. தண்ணி, குளிர்." நெஞ்சில் கைவைத்தார். "போ இல்லை. போய் வா."

'போகிறேன்' என்று சொல்லாதே, 'போயிட்டு வாறன்' என்று சொல் என்று எங்களைத் திருத்திக் களைத்துப்போன என் அம்மாவுக்கு இதைவிடச் சுத்தமான தமிழில் யாரும் விளக்கியிருக்க முடியாது. அவர் இலைக்கட்டைக் கையில் எடுத்தார். ஒரு கணம் செய்துவிடுவார் போலிருந்தது. பிறகு கட்டைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஆட்டுக்குத்தான் தெளிக்கிறது" என்றார், எங்களில் யாரையும் பாராமல். "சின்ன வயசில வேள்வியில கண்டனான். தண்ணியைத் தெளிச்சுப் போட்டுப் பாத்துக்கொண்டு நிப்பினம். அது தலையை ஆட்டினா, சம்மதம் எண்டு வெட்டுறது. என்ர கையால நான் அவருக்கு அதைச் செய்ய மாட்டன்."

சித்தப்பா, அக்கா என்ன சொன்னார் என்று மனைவியைக் கேட்டார். ஆடறுப்பதையே வேலையாகக் கொண்ட மனிதரிடம் சின்னம்மா அதைச் சொல்லவில்லை. மலாயில் வேறு ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சித்தப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிங்க்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோப்பைத் தண்ணீரைச் சின்னம்மா வெளியே கொண்டுபோய்ச் செடியடியில் ஊற்றினார். மஞ்சள் சோற்றை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

விமான நிலையத்தில் அம்மா பொரித்த மீனும் பாணும் கட்டிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகும்போது என் நெற்றியில் சிலுவை போடுவதுபோல அவருக்கும் போடக் கையைத் தூக்கி, நடுவழியில் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார். "போயிட்டு வாறன், காக்" என்றார் சித்தப்பா. பிழையே இல்லாத தமிழ்.

ஆச்சேக்குப் போகும் வழியில் மேடானிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசினார். அதன்பின் ஒன்றுமில்லை. குளிர்காலத்தின் நடுவில் அவருடைய ஊரிலிருந்து யாரோ சின்னம்மாவுக்கு அழைத்தார்கள். ஊருக்குப் போகும் பஸ்ஸை மறித்து, சிலரை இறக்கினார்கள். சித்தப்பாவும் இறங்கினார். பஸ் போய்விட்டது. தெரிந்தது அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிய வந்தது. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, சித்தப்பாவுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பது மட்டும். நானாக ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன். அம்மா தண்ணி தெளிக்காததால் அவர் கோபித்துக்கொண்டார், கோபம் ஆறியதும் வருவார். ஒருநாள் சின்னம்மாவிடம், சித்தப்பாவுக்கு அம்மாவில் கோபமா என்று கேட்டேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் சண்டை பிடிக்கவில்லை. சின்னம்மா வழக்கம்போல் பஸ் பிடித்து வந்தார், போனார். ஆனால் எங்கள் வீட்டில் அதன்பின் அவர் தண்ணீர் கேட்டதில்லை. தேத்தண்ணி என்றுகூடச் சொல்லமாட்டார். 'டீ' என்பார்.

வளர்ந்து நானும் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்து, பிறருடைய விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தே காலம் கழித்து, பிரிவையே மூடிவிட்டதால் வயதுக்கு முந்தி ஓய்வு பெற்றேன். எந்தக் காரியத்துக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். காணாமற்போனவரைப் பற்றி ஆண்டுக்கணக்கில் தகவல் இல்லையென்றால், அவரை இறந்தவராகக் கருதும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு என்னென்ன வேண்டும், யார் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும் என்று சின்னம்மாவிடம் ஒருமுறை ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்கட கந்தோரில இதுக்குப் பேர் என்ன?" என்றார். "தண்ணி தெளிக்கிறதோ?"

நான் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த இன்னொரு காரியம் உண்டு. சின்னம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாததால் சித்தப்பாவின் பழைய வெள்ளைக் கார் எங்கள் வாசலில்தான் நின்றது. சின்னம்மாவுக்கு அந்த அழைப்பு வந்த மறுநாளாக இருக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா குடையில்லாமல் காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒரு கையில் கோப்பை, மறுகையில் அந்த ஐஸ்கிரீம் வாளிச் செடியிலிருந்து ஒடித்த இலைகள். இலையைத் தோய்த்துத் தோய்த்துக் காரின் கூரையிலும் கண்ணாடியிலும் ஓட்டுபவரின் கதவிலும் தெளித்தார். பொனட்டில் அரிசி கிடந்தது. வேலியில் இரண்டு மைனாக்கள், அம்மா எப்போது நகர்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

காரைக் கழுவுகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு மோசமாக யாரும் கார் கழுவி நான் கண்டதில்லை. அவர் தெளித்தது எந்தத் தண்ணீர், சித்தப்பாவினதா, தாத்தாவினதா என்று பின்னாளில் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அம்மா இருந்த காலத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், தண்ணியில என்ன வேற என்றிருப்பார்.

மழை பெய்யும்போது ஏன் கழுவுகிறீர்கள் என்று அன்றைக்கு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"குளிரட்டும்" என்றார் அம்மா.

ஏற்கெனவே குளிராகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே ஓடிப்போய் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.