நான் பார்க்காத வால்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை. பெரம்பலூரில் ஒரு பள்ளியின் உள்ளரங்கம். பேர்தான் உள்ளரங்கம், மேலே தகரம், பதினோரு மணிக்கெல்லாம் உள்ளே அடுப்பு மாதிரி காய்ந்தது. அங்கேதான் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் மண்டலத் தேர்வு. நான் அரியலூர் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகள் பாஷையில் பி.டி. டீச்சர். அன்றைக்கு எனக்கு நடுவர் வேலை. காலை பஸ்ஸில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, என் மாணவி ஒருத்தியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மாணவி போட்டியில், டீச்சர் நடுவர் நாற்காலியில். இது என்னம்மா நியாயம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கம் இந்த விளையாட்டின் விதி தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாலைந்து பேரும் ஆளுக்கு ஒரு பிள்ளையோடு வருகிறவர்கள்தான். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று பேர் மார்க் போடுவோம், சராசரி எடுப்பார்கள். எங்களுக்கு மேலே ஒரு தலைமை நடுவர் இருப்பார். அன்று வந்திருந்தவர் திருச்சிக்கார மேடம். ஓய்வு பெறப்போகும் வயது, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாலே நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எப்போதும் நடக்கிற தேர்வு இல்லை இது. ஜூனியர் ஆசியப் போட்டிக்கு வயது பொருந்துகிற பிள்ளைகளைத் தேடுகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. நான் பள்ளியில் படித்து மணல் குழியில் குட்டிக்கரணம் போட்ட காலத்தில், ஆசியப் போட்டி என்றால் பேப்பரில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்று ஒரு விவரமும் எங்களுக்கு எட்டாது. இப்போது ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று கண்டத்துக்குக் கண்டம் போட்டி. ஜூனியருக்குத் தனி, சீனியருக்குத் தனி. சீனியரில் உலகப் போட்டிக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் கண்டப் போட்டி என்ற வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசல் பெரிதாகப் பெரிதாக அதன் கெடுபிடி எங்கள் தகரக் கொட்டகை வரைக்கும் வந்துவிட்டது. நாலு வருடத்துக்கு ஒரு முறை விதிப்புத்தகம் மாறும். நடுவர்கள் மறுபடி பரீட்சை எழுத வேண்டும். வயதைப் பிறந்த தேதியை வைத்துப் பார்க்க மாட்டார்கள், பிறந்த வருடம்தான் கணக்கு. டிசம்பர் கடைசி நாளில் பிறந்திருந்தாலும் அந்த வருடக் கணக்குதான், போச்சு என்றால் போச்சுதான்.

எனக்கும் அதில் ஒரு ஆசை இருந்தது, மறைக்க மாட்டேன். பரீட்சை மேல் பரீட்சை எழுதி ஒரு நாள் ஆசியப் போட்டியில் நடுவராக உட்கார வேண்டும் என்று. விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்டு வைத்திருந்தேன். ஓரமெல்லாம் பென்சிலில் தமிழில் குறிப்பு. மார்க் போடுவதில் கறார் டீச்சர் என்று நாலு மாவட்டத்திலும் எனக்குப் பேர். அந்தப் பேர் மேல் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

தரையில் செய்கிற ஃப்ளோர் முடிந்தது, ஒடுக்கமான கட்டை மேல் செய்கிற பீம் முடிந்தது. கடைசியில் வால்ட். ஓடிவந்து, ஸ்பிரிங் பலகையை மிதித்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, அந்தரத்தில் உருண்டு, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். மொத்தமே ஐந்தாறு விநாடி. தலைமை நடுவர் பச்சைக் கொடி காட்டுவார். பிள்ளை கையை உயர்த்தி எங்களைப் பார்த்து வணக்கம் வைக்கும். பிறகு ஓடும். நாங்கள் பார்த்துக்கொண்டே, முட்டி மடங்கினால் ஒரு குறி, கால் விரிந்தால் ஒரு குறி என்று சுருக்கெழுத்து மாதிரி கிறுக்கிக்கொள்வோம். பிறகு பத்திலிருந்து கழிப்போம்.

வேப்பந்தட்டைப் பக்கமிருந்து ஒரு பள்ளி வந்திருந்தது. அவர்களிடம் வால்ட் மேசையே இல்லை, பெஞ்சுகளை அடுக்கிச் சாக்குக் கட்டிக் குதிக்கிறார்கள் என்று காலையில் டீ குடிக்கும்போது யாரோ சொன்னார்கள். அந்தப் பள்ளியிலிருந்து இரண்டு பிள்ளைகள் குதித்தார்கள். இரண்டும் முட்டியை மடக்கித்தான் குதித்தன. எட்டுக்குக் கீழே போட்டேன். அது நியாயமான மார்க்தான். இரண்டாவது பிள்ளைக்கு எழுதிய குறிகள் தாளில் கோணல்மாணலாக இருந்தன. எனக்குத் தாள் அழகாக இருக்க வேண்டும். தலைமை நடுவர் பார்ப்பார் இல்லையா? குனிந்து அந்த வரியைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

‘தொப்’ என்று பாயில் கால் பதிகிற சத்தம். நிமிர்ந்தேன். எட்டாம் நம்பர் ஒட்டிய, அதே பள்ளிப் பெண் ஒருத்தி அசையாமல் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி எங்களைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடி காட்டியது, அவள் வணக்கம் வைத்தது, ஓடியது, மேசையைத் தாண்டியது, எதையுமே நான் பார்க்கவில்லை.

அப்போதே கையைத் தூக்கி, மேடம், நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு விநாடி வேலை. சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். கறார் டீச்சர் தூங்கிட்டாங்க என்று சிரிப்பார்களே! அதே பள்ளிப் பிள்ளை, அதே பெஞ்சு, அதே சாக்கு, இவளும் அப்படித்தான் குதித்திருப்பாள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு 7.8 என்று எழுதி நீட்டிவிட்டேன்.

மற்ற இருவர் தாளிலும் 8.6, 8.5. தலைமை நடுவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இவ்ளோ வித்தியாசம் வருதே. உங்க மார்க்குல நிக்கிறீங்களா?”

“நிக்கிறேன் மேடம்.”

என் பேரைத் தெரிந்தவர் என்பதால் விட்டுவிட்டார். சராசரி 8.3 ஆனது.

முடிவு படித்தார்கள். நாலு பேர்தான் மாநிலத் தேர்வுக்குப் போவார்கள். நாலாவது என் மாணவி. ஐந்தாவது, மொத்த மார்க்கில் 0.1 வித்தியாசத்தில், அந்த வேப்பந்தட்டைப் பெண். என் மாணவியின் அம்மா முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். சந்தோஷத்தில் அங்கேயே போனைப் போட்டு, “நம்ம புள்ள செலக்ட் ஆயிட்டா!” என்று வீட்டுக்குக் கத்திச் சொன்னார். நானும் சிரித்தேன்.

தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“டீச்சர், வால்ட்டுல எங்க தப்பு பண்ணேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேங்க. நீங்கதான் கரெக்டா பாப்பீங்கன்னு எங்க சார் சொன்னாரு.”

கரெக்டாகப் பார்ப்பேனாம்! மாதாவே, இதைவிட என்னை ஓங்கி ஒன்று அறைந்திருக்கலாம் அவள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். மென்று விழுங்கி, “முட்டி மடங்குச்சும்மா” என்றேன்.

“முட்டிங்களா? இன்னைக்கு நேரா வச்சேன்னு நெனச்சேங்க.” ஒரு நிமிடம் தன் காலையே குனிந்து பார்த்தாள். “சரிங்க டீச்சர். அடுத்த வருசம் எனக்கு ஜூனியர் வயசு தாண்டிடும். இருந்தாலும் பழகிக்கிறேன். தேங்க்ஸ்ங்க.”

போய்விட்டாள். அரங்கத்தின் மூலையில் துப்பட்டாவை எடுத்து இரண்டு முட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, முட்டி மடங்காமல் நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துப் பழக ஆரம்பித்தாள். போட்டி முடிந்து, மற்ற பிள்ளைகள் எல்லாம் ஐஸ் வாங்கப் போயிருந்தார்கள். இவள் நான் சொன்ன பொய்யைத் திருத்திக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

எழுந்து போக எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பத்து நிமிடம் இருக்கலாம். மனசு என்னென்னவோ பேசியது. இப்போது சொன்னால் என் மாணவியின் இடம் போகும். அதோடு நிற்குமா? சொந்தப் பிள்ளையை உள்ளே கொண்டுவர அடுத்தவள் மார்க்கைக் குறைத்தாள் என்று ஊர் பேசும். பார்க்காமல் போட்டேன் என்று சொன்னால் எவள் நம்புவாள்? சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் உண்மை, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ‘தொப்’ ‘தொப்’ சத்தம் மூலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

தலைமை நடுவர் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், எட்டாம் நம்பர் வால்ட்டை நான் பாக்கல.”

“பாக்கலைன்னா?”

“குனிஞ்சு எழுதிட்டிருந்தேன். எறங்குன பெறகுதான் நிமிந்தேன். மார்க் குத்துமதிப்பா போட்டது.”

அவர் கட்டை அவிழ்த்தார். “நான் அப்பவே கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

“நாலாவது வந்தது உங்க ஸ்கூல் பிள்ளைதானே? என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை என் பக்கம் தள்ளி, “உங்க கையாலயே எழுதுங்க” என்றார். ‘இந்த வால்ட்டை நான் பார்க்கவில்லை’ என்று தாளின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மார்க்கை அடித்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் சராசரி எடுத்தார். 8.55. அந்தப் பெண் நாலாவது, என் மாணவி ஐந்தாவது. மைக்கில் திருத்தம் என்று மட்டும் சொன்னார். “உங்க பிள்ளைகிட்டயும் அந்தப் பிள்ளைகிட்டயும் காரணத்தை நீங்களே சொல்லணும்” என்றார்.

சொன்னேன். வேப்பந்தட்டைப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள். “அப்ப முட்டி மடங்கலைங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள். தெரியாதும்மா, மடங்குச்சுன்னு பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்க என்றேன். அவள் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டு அவள் சாரைத் தேடி ஓடினாள். என் மாணவியின் அம்மாதான் பொரிந்து தள்ளினார். “வூட்டுக்கு போன் பண்ணி சொல்லிட்டேனே டீச்சர்! இப்ப மறுபடி போன் பண்ணி என்னான்னு சொல்லுவேன்? ஒங்கள நம்பித்தானே கூட்டியாந்தேன்!” என்றார். பிள்ளைக்கு அடுத்த வருடமும் வயது இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று மூடிக்கொண்டேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் மாநிலத் தேர்வுக்குப் போனாள், அதோடு நின்றது. ஆசியப் போட்டிக்கெல்லாம் போகவில்லை. ஊரில் எதிர்பார்த்தபடி பேசினார்கள். என்னை ஒரு வருடம் யாரும் நடுவராகக் கூப்பிடவில்லை. இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். பச்சைக் கொடி காட்டும் முன் பேனாவை மேசை மேல் வைத்துவிடுகிறேன். என் தாள் முன்னைப் போல அழகாக இருப்பதில்லை. என் பள்ளிப் பிள்ளை குதிக்கிற நாளில் நாற்காலியில் உட்காருவதும் இல்லை.

ஆனால் எனக்கு மறக்க முடியாமல் நிற்பது இது எதுவும் அல்ல. அன்று சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸில் நடந்தது. அம்மா ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மாணவி எனக்கும் அவருக்கும் நடுவில். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்த பிறகு, மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், என்னோடதையாச்சும் பாத்தீங்களா?”

“பாத்தேன்டா. மொதல்லேருந்து கடைசி வரைக்கும் பாத்தேன்” என்றேன். அது சத்தியமான உண்மை. அவள் கை மேசையில் பதிந்த இடம்கூட இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அவள் “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பிள்ளையை நான் பார்க்காமல் விட்டதால் இன்னொரு பிள்ளை என் உண்மையை நம்ப முடியாமல் போனதே, அந்த வலி இன்றுவரை எனக்குத் தீரவில்லை.