வசந்தி அக்காவின் சிவப்பு வண்டி

வசந்தி அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் கவிதா போன் பண்ணினாள்... "அண்ணா, அம்மா" என்றாள், அழுதுவிட்டாள்.

என் கார் ரிவ்யூ வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய அக்கா. நான் எந்தப் புது காரைப் புகழ்ந்தாலும் முதல் ஆளாக கமென்ட்டில் வந்து கிழிப்பவர்.

அவரிடம் ஒரு சிவப்பு ரெண்டு சீட்டர் இருந்தது. அந்தக் காலத்தில் சோழவரத்தில் ரேஸ் விடுவதற்கென்றே கட்டி, அப்புறம் நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுக்கு வந்த வண்டி.

கூரை கிடையாது, ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. வாங்கியது அவர் கணவர்... ஓட்டியது என்னவோ அக்காதான்.

அவரை நான் முதலில் பார்த்ததே ராஜகோபுரத்துக்கு முன்னால். என் புது டர்போ காருக்குப் பூஜை.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "மெதுவா எடுங்க" என்றார் குருக்கள். எடுத்தேன். எதிரில் ஆள் நிற்கிறார் என்று கார் தானாகவே பிரேக் போட்டுவிட்டது.

குருக்கள் ஒதுங்கினார். பின்னால் பூக்காரம்மா... மறுபடியும் பிரேக். பழம் நசுங்கவே இல்லை, எனக்கு மானமே போயிற்று.

பூ வாங்கிக்கொண்டிருந்த அக்கா சிரி சிரியென்று சிரித்தார். "இன்னா தம்பி, உன் வண்டி சாமி கும்புடாதா? என்னுதா இருந்தா பழம், தட்டு, குருக்கள் எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருக்கும்!"

குருக்களே சிரித்துவிட்டார். எங்கள் சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது.

"அக்கா, உங்க வண்டி நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர்லயே வயிறு தட்டுது. என்னுது வளைவுல நான் தப்புப் பண்ணாகூட அதுவே சரி பண்ணிடும்" என்பேன்.

"அதான்டா பிரச்சினையே. நீ தப்புப் பண்ணதே உனக்குத் தெரியாது" என்பார். நான் சத்தத்தை ஜாஸ்தியாக்குவேன்.

கடைசியில், இரண்டு வண்டியையும் ஒரே ரோட்டில் விட்டு வீடியோ எடுப்பது என்று முடிவாயிற்று. அவர் என்னுடையதை ஓட்டுவார், நான் அவருடையதை ஓட்டுவேன், அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

கெஸ்ட் ஹவுஸில் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்த மறுநாள், விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். முதலில் அக்கா என் காரில் ஏறினார்.

"நூறுலயா போறோம்? நம்பவே முடியலியே... என் வண்டியில அம்பது தாண்டினாலே எல்லா சாமியும் ஞாபகத்துக்கு வரும்." திருப்பிக்கொண்டு வரும்போது குரலைத் தாழ்த்தி, "பிரேக் நல்லாதான் இருக்கு. ஆனா இதை வீடியோல போடாத" என்றார். போடவில்லை அக்கா.

என் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூரை இல்லாத வண்டி... பக்கத்து சீட்டில் தார்ப்பாயைப் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த பௌர்ணமி முடிஞ்சதும் வா, சாவி உன் கையில." தொப்பலாக நனைந்தபடி போனார். சந்தோஷமாகத்தான் போனார்.

அடுத்த பௌர்ணமிக்கு நான் ஊரில் இல்லை. அதற்கடுத்ததற்கு அவருக்குத் தோள்பட்டையில் வலி.

பிறகு ஒருநாள் போன். "தம்பி, ஒரு நல்ல ஆட்டோமேட்டிக்கா பார்த்துச் சொல்லு. அந்த ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியல."

எத்தனை வருஷத்துச் சண்டை... நான் ஜெயித்துவிட்டேன். ஒரு துளி சந்தோஷம் இல்லை.

புது கார் வந்தது. எப்படியிருக்கு என்று கேட்டால் "ஏசி நல்லா கூலிங்கா இருக்கு" என்பார், வேறு பேச்சுக்குப் போய்விடுவார். என் வீடியோக்களில் கிழிப்பதும் கம்மியாகிவிட்டது.

சிவப்பு வண்டியை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, நகர்த்தாமல் அதிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார் என்று கவிதா ஒருமுறை சொன்னாள். அதைக் கேட்ட பிறகு, என் முறை பாக்கியிருக்கிறது என்று எப்படிப் போய் நிற்பது? அவரே ஓட்ட முடியாத வண்டியை...

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் அந்த வண்டி நின்றது. ஃப்ரீசர் பாக்ஸ் வைக்க வேறு இடமில்லை.

கவிதா சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "அண்ணா, இதைக் கொஞ்சம் வெளிய எடுத்துடறீங்களா? எங்க யாருக்கும் இதை ஓட்ட வராது."

உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் அந்தச் சத்தத்தில் உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

சமையல் வேலை பார்க்கும் சாந்தாம்மா வாசலுக்கு ஓடி வந்தார். சீட்டில் என்னைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டீயரிங் அவ்வளவு கனம் அக்கா. அந்தத் தோளை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் சொல்லாமல் திருப்பிக்கொண்டிருந்தீர்களோ.

கேட்டைத் தாண்டி, காம்பவுண்டு ஓரம் வரைக்கும்தான் போனேன். முதல் கியரிலேயே.

உங்க வண்டியை ஓட்டிட்டேன் அக்கா. நீங்க பக்கத்துல உட்கார்ந்து திட்டியிருக்கணும்.

போயிட்டு வாங்க...