கரியல் இல்லாத சைக்கிள்

அந்தச் சைக்கிளைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டி முடித்த அன்று நான் பட்ட பெருமையை என் கலியாணத்தன்றுகூடப் பட்டதில்லை. இதை என் மனைவி வாசிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவளுக்கு இது அப்போதே தெரியும்.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் நாங்கள் நெடுங்கேணிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு மலேரியாத் தடுப்புப் பகுதியில் வேலை. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து வந்து சோதனைக்குக் கொடுக்கவேண்டும். காய்ச்சல் என்ன தார் றோட்டைப் பார்த்தா வரும்? குளக்கட்டு, மாடு போகும் பாதை, விறகு வண்டில் தடம் என்று காடு முழுக்க அலைந்தேன். அப்பாவின் பழைய சைக்கிளுக்கு ஒல்லிச் சில்லு. மணலில் இறங்கினால் புதைந்துவிடும். பிறகு நான் அதை ஏற்றிச் செல்வதா, அது என்னை ஏற்றிச் செல்வதா என்ற கேள்வி வரும்.

மவுண்டன் சைக்கிள் ஒன்றை முதன்முதலில் ஓமந்தைப் பக்கம் ஒருவர் ஓடக் கண்டேன். தடித்த சில்லு, நேரான ஹாண்டில், மட்காட் இல்லை, பின்சில்லுக்கு மேல் பாரம் ஏற்றும் கரியல் இல்லை. வேர்களுக்கு மேலால் துள்ளித் துள்ளிப் போனார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக வாங்கும் வசதி எங்கள் பரம்பரையில் எவருக்கும் இருந்ததில்லை. வசதி இருந்தாலும், யுத்தத் தடையால் சைக்கிள் சாமான் வன்னிக்குள் வருவதே அப்போது பெரும்பாடு. ஆகவே நானே ஒன்றைப் பூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

வெளிநாடு போன ஒருவரின் மாட்டுக் கொட்டிலில் தடித்த குழாயில் செய்த பிறேம் ஒன்று கிடந்தது. ஓர் ஆட்டுக்கிடாயைக் கொடுத்து அதை எடுத்தேன். சில்லுகள் இரண்டும் இரண்டு இடத்திலிருந்து வந்தவை. கியர் பூட்ட வழியில்லை. முன்னால் சின்னப் பற்சில்லைப் போட்டேன். வேகம் குறைந்தது, மணலில் மிதிக்க இலேசாக இருந்தது. பிறேக் கட்டை பழைய செருப்பில் வெட்டியது. செயினுக்கு இலுப்பெண்ணெய். ஹாண்டிலுக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வாங்கி, மரங்களுக்கிடையில் நுழையட்டும் என்று இரண்டு பக்கமும் கட்டையாக அறுத்துவிட்டேன். அதைப் பித்தளை வைத்து ஒட்டித் தந்த சைக்கிள் கடைக்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"கரியல் போட வேணாமா தம்பி?"

"வேண்டாம் அண்ணை. பாரம். வடிவும் கெட்டுப்போம்."

அவர் சிரித்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கப் போனார். வன்னியில் அந்தக் காலத்தில் சைக்கிள் என்றால் கரியல்தான். நெல் மூட்டை, விறகு, நோயாளி, வயதான தாய், வீடு மாறும்போது வீடு, எல்லாம் அதன் மேல்தான் போகும். கரியல் இல்லாமல் ஒருவன் சைக்கிள் பூட்டியதை ஊர் அன்றைக்குத்தான் கண்டது. 'உரிச்ச கோழி' என்று அதற்குப் பெயரும் வைத்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொறாமையில் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

மனைவி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

"கரியல் இல்லாட்டி என்னை எதிலை ஏத்துவியள்?" என்றாள்.

"பாரிலைதான். சோடியாப் போவம்."

"ஓம், ஊர் பாத்துச் சிரிக்கட்டும்."

சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவிலுள்ள பாரில் ஏறுவது சின்னப் பிள்ளைகளும் புதுச்சோடிகளும்தான். மரியாதையான பெண் கரியலில் ஒரு பக்கமாக இருந்து வருவாள். யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் அதை மீறியவரை நான் கண்டதில்லை.

பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே அவளுக்கு நோக்காடு தொடங்கிவிட்டது. காலையில் அயல்வீட்டு மாட்டு வண்டிலில் ஏற்றி நெடுங்கேணி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, முல்லைத்தீவு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் வான் ஒன்று மூன்று மணிக்குப் புறப்படும். கூட ஒரு பெண் போகவேண்டும். பிரசவ வார்ட்டுக்குள் ஆம்பிளைகளை விடமாட்டார்கள்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றாள் மனைவி. என் கையை அவள் பிடித்திருந்த பிடியில் நகம் இறங்கியது. "அம்மா வராட்டி எனக்குப் பயமாக் கிடக்கு."

அவளின் தாய், என் மாமி, இருந்த ஊர் காட்டுக்கு அந்தப் பக்கம், பத்துக் கட்டை, அதாவது பத்து மைல் இருக்கும். எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் வந்ததை இப்போது எழுதவே கூசுகிறது. என் சைக்கிள் இதற்குத்தானே என்று நினைத்தேன். அந்தப் பாதையில் அது போல ஓடக்கூடியது வேறெதுவும் இல்லை. பறந்து போனேன். மாமியின் படலையடியில் இறங்கி, சைக்கிளை வேலியில் சாத்தியபோதுதான் அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே ஒன்றுமே இல்லை. போகிறபோது ஓர் ஆள், வருகிறபோது இரண்டு ஆள் என்பது அதுவரைக்கும் என் மண்டையில் ஏறவில்லை.

மாமி கைம்பெண். என்னோடு நேரே நின்று கதைக்கமாட்டா. ஏதாவது கேட்கவேண்டுமென்றால் குசினி வாசலில் நின்று, 'தம்பி சாப்பிட்டவரோ?' என்று வேறு யாரிடமோ கேட்பது போலக் கேட்பா. நான் இருக்கிற கதிரைக்குப் பக்கத்தாலும் நடக்கமாட்டா. விசயத்தைச் சொன்னேன். அவா பன்புல்லில் இழைத்த ஒரு பன்பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு உடனே வெளியே வந்தா. நான் அக்கம்பக்கத்தில் சைக்கிள் தேடி ஓடினேன். அறுவடை நேரம்; ஒரு வீட்டிலும் ஆம்பிளையும் இல்லை, சைக்கிளும் இல்லை. திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாமி சைக்கிளைப் பார்த்தா, கரியல் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தா, பிறகு பாரைப் பார்த்தா.

"தம்பி பிடிச்சுக்கொள்ளட்டும்," என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பாரில் ஏறி இருந்தா.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூனிப்போகிறது. மரத்துக்கு மரம் நுழைய என்று அறுத்த ஹாண்டில். என் இரண்டு கைகளும் மாமியின் தோள்களை நெரித்தன. அவா முன்னுக்கு ஒதுங்குவா, பாதை தூக்கிப் போட மறுபடியும் என் நெஞ்சில் வந்து முட்டுவா. நான் முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓடினேன். மூச்சை எந்தப் பக்கம் விடுவது என்று தெரியவில்லை. குளம் நிரம்பி வழிந்து பாதைக்குக் குறுக்கே பாயும் இடத்தில் முன்சில்லு அள்ளிய சேறு முழுக்க அவாவின் வெள்ளைச் சேலையில் போய் விழுந்தது. மட்காட் வடிவைக் கெடுக்கும் என்று போடாமல் விட்டவனும் நான்தான். "மாமி, சேறு..." என்று இழுத்தேன். அவா திரும்பவில்லை.

காட்டுக்குள் இருக்கும்வரை குரங்குகள்தான் பார்த்தன. அதைத் தாண்டிய முதற் குடியிருப்பில் கிணற்றடியில் நாலைந்து பெண்கள் நிற்பதைத் தூரத்திலேயே கண்டுவிட்டேன். பிறேக்கைப் பிடித்து இறங்கினேன். மாமியையும் இறங்க வைத்து, ஒன்றும் நடக்காதது போலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அந்தக் குடியிருப்பு முடியவே மாட்டேன் என்றது. அடுத்ததிலும் அப்படித்தான் இறங்கினேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"தம்பி ஏன் இறங்கினவர்?" என்றா மாமி.

"ஆக்கள் நிக்கினம் மாமி."

அவா நின்றா. கலியாணமான நாளுக்குப் பிறகு முதன்முதலாக என் முகத்தை நேரே பார்த்தா.

"என்ரை பிள்ளை அங்கை தனியக் கிடக்குது. ஆக்கள் நிண்டால் நிக்கட்டும். இனி இறங்கவேண்டாம்."

அவா ஏற, நான் மிதித்தேன். நெடுங்கேணிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் நெல் மூட்டைகளோடு ஒரு உழவு இயந்திரம் நின்றது. அதன் மேல் ஏழெட்டு இளந்தாரிகள். முக்காடு போட்ட உருவத்தைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? விசில் வந்தது.

"அண்ணை, சோடி நல்லாயிருக்கு. எப்ப கலியாணம்?"

நிலம் வெடித்து என்னைச் சைக்கிளோடு விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். காது இரண்டும் எரிந்தன. மாமி ஒரு கையை ஹாண்டிலில் இருந்து எடுத்து, தலையில் கிடந்த தலைப்பை இழுத்துத் தோளில் விட்டா. முழுக்க நரைத்த தலை. அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரு தரம் பார்த்தா. விசிலடித்தவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். அதற்குப் பிறகு அவா முக்காடு போடவேயில்லை. சந்திக் கடைகள், கூட்டுறவுச் சங்கக்கடை வரிசை, ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றையும் அப்படியே நிமிர்ந்து இருந்து கடந்தா. தெரிந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் என் முன்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

வான் இயந்திரத்தை ஓட விட்டுப் புகைத்துக்கொண்டு நின்றது. மாமி பாரிலிருந்து குதித்து, கால் மடங்கி விழப்பார்த்து, சமாளித்துக்கொண்டு ஓடி உள்ளே ஏறினா. "அம்மா" என்று மனைவி அழும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு வான் போய்விட்டது. வாசலில் நான் மட்டும், சேறு பூசிய என் மவுண்டன் சைக்கிளோடு நின்றேன். அதைத் தூக்கிப் பற்றைக்குள் எறியலாம் போல இருந்தது.

முல்லைத்தீவில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்ததும், நான் முதற் காரியமாகச் சைக்கிள் கடைக்குப் போனேன்.

"கரியல் போடணுமா தம்பி?" என்றார் கடைக்காரர். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. அதனால் கதை அவர் காதுக்கும் வந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

கட்டில் சட்டத்து இரும்பில், அந்தப் பிரதேசத்திலேயே பெரிய கரியலாகப் போடச் சொன்னேன். மட்காட்டும் போட்டேன். சாக்கை மடித்துக் கரியலுக்கு மேல் மெத்தை போலத் தைத்தேன். மாமி மகளோடும் பேத்தியோடும் எங்கள் வீட்டில் ஒரு மாதம் நின்றா. பழையபடி குசினி வாசலில் நின்றுதான் கதைத்தா. அந்தப் பயணத்தைப் பற்றி அவாவும் வாய் திறக்கவில்லை, எனக்கும் துணிவில்லை. கரியலில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டால் என் வெட்கத்தில் பாதியாவது குறையும் என்று அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

அவா புறப்பட்ட காலை சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். "மாமி, கரியல் போட்டிருக்கிறன். ஏறுங்கோ," என்றேன்.

மாமி வந்து கரியலைப் பார்த்தா. சாக்கு மெத்தையைக் கையால் ஒரு தரம் தடவியும் பார்த்தா. பன்பையை அதன் மேல் வைத்து, கயிற்றை இழுத்து நன்றாகக் கட்டினா.

"அண்டைக்குப் பிள்ளைக்காக ஏறினனான்," என்றா என்னைப் பார்க்காமல். "எனக்கு நடக்கக் காலிருக்குத்தானே."

தலையை மூடிக்கொண்டு படலையைத் திறந்து அவா முன்னால் நடந்தா. நான் பையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். சந்தியிலும் கிணற்றடியிலும் ஆட்கள் நின்றார்கள். காடு முடியும்வரை நானும் ஏறவில்லை.