ஜெயந்தி வீட்டு மிஷினில் தண்ணீர் ஏறாத நாள்

மீட்டரில் காட்டாத எதையும் நான் நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு, என்னைச் சாமியாடிகள் பின்னால் அலைகிற ஆள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெரு முச்சந்தியில் அமாவாசைக்கு மறுநாள் யாராவது சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழம் கிடக்கும், எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள், நான் வண்டியை அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போவேன். இப்போதும் அப்படித்தான் போகிறேன். ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் கலைச்செல்வி. விருத்தாசலத்தில் வாஷிங் மிஷின் ரிப்பேர் செய்கிறேன். பொம்பளையா என்று கேட்காதீர்கள், பதில் சொல்லி அலுத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு இங்கே செராமிக் பேட்டையில், கரண்டுக் கம்பத்தில் வெள்ளையாக மாட்டியிருப்பார்களே பீங்கான், அதைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட மீட்டரில் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் பிறகு கடலூர் போய் மிஷின் வேலை கற்றுக்கொண்டேன். இன்றைக்குக் கம்மாபுரம், திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணம் என்று எந்தப் பக்கம் மிஷின் நின்றாலும் 'மிஷின் கலாவைக் கூப்பிடு' என்றுதான் சொல்வார்கள். நான் பிரித்த மிஷினை இன்னொரு ஆள் வந்து சரிசெய்தான் என்ற பேச்சு இதுவரை இல்லை. பெருமைதான், இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்த பெருமை.

அன்றைக்குக் காலையில் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயந்தி போன் செய்தாள். செராமிக் பேட்டைக்குப் பின்னால் புதிதாக வீடுகள் வந்திருக்கிற இடத்தில் இருக்கிறாள், என் பழைய வாடிக்கைக்காரி.

"அக்கா, மிஷின்ல தண்ணியே ஏற மாட்டேங்குது. ஆன் பண்ணா லைட்டு எரியுது, கொஞ்ச நேரம் கழிச்சு கத்துது. வூட்ல அழுக்குத் துணி மலை மாதிரி கெடக்குது."

"கொழா தெறந்திருக்குதா பாத்தியா?"

"அதெல்லாம் தெறந்துதான்க்கா இருக்குது. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

மதியத்துக்குள் வருகிறேன் என்று சொன்னேன். சொன்னபடியே போனேன்.

தண்ணீர் ஏறாத மிஷின் என்பது எனக்கு இட்லிக்கு மாவு கரைக்கிற மாதிரி. பத்து வீட்டில் எட்டு வீட்டில் குழாயோ, பைப் மடிப்போ, தண்ணீர் உள்ளே நுழைகிற வாயில் இருக்கும் சின்னச் சல்லடையில் உப்பு படிந்ததோதான் காரணமாக இருக்கும். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் அப்படி, வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். ஜெயந்தி வீட்டுப் பின்கட்டில் மதில் சுவரை ஒட்டி மிஷின் இருந்தது. சல்லடையைக் கழற்றினேன், கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. பைப்பைக் கழற்றி வாளியில் விட்டேன், வாளி கவிழ்கிற வேகத்தில் தண்ணீர் கொட்டியது. மறுபடி மாட்டினேன். மிஷினுக்குள் ஒரு சொட்டு இல்லை.

சரி, வால்வு போயிருக்கும் என்று பார்த்தேன். கரண்டு கொடுத்தால் திறந்து தண்ணீரை விடுகிற சாமான் அது. மீட்டர் வைத்தேன், நல்லபடியாகக் காட்டியது. தனியாகக் கரண்டு கொடுத்துப் பார்த்தேன், டக்கென்று திறந்தது. இருந்தாலும் பையில் இருந்த புது வால்வை மாட்டினேன். சொட்டு இல்லை. மூடியின் பூட்டு, போர்டு, ஒயர் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஜெயந்தியைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி நானே தொட்டியில் ஊற்றினேன், மிஷின் சமர்த்தாகச் சுற்றியது. அதாவது மிஷின் நல்ல மிஷின், தண்ணீர் நல்ல வேகம், வால்வு புதிது. மூன்றும் சேர்ந்தால் மட்டும் ஏறவில்லை. தண்ணீர் வாசல் வரை வந்து நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிற மாதிரி.

"என்னாக்கா, உங்களுக்கே புடிபடலையா?" என்றாள் ஜெயந்தி. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"புடிபடாம என்னா, கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலில் இருந்து பிரிக்கலாம் என்று பிளக்கைப் பிடுங்கினேன்.

நம்பினால் நம்புங்கள், பிளக் என் கையில் இருக்கிறது, மிஷினுக்குள் வால்வு தட்டுகிறது. டக், டக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திரும்ப டக், டக்.

கரண்டு இல்லாமல் அந்த வால்வு தட்டாது. தட்ட முடியாது. நான் பிளக்கைப் பார்க்கிறேன், ஜெயந்தி பிளக்கைப் பார்க்கிறாள். போர்டில் கரண்டு தங்கியிருக்குமோ என்று மீட்டர் வைத்தேன். பூஜ்யம். பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் டக், டக்.

ஜெயந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வாங்க வெளிய போயிடலாம்."

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்த இடத்தில் நான் பயந்து ஓடவில்லை. ஒரு சத்தம் வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறதுதான் என் தொழில். மிஷின் மேல் காதை வைத்தேன். சத்தம் மிஷினில் இருந்து பைப்புக்கும், பைப்பில் இருந்து சுவருக்கும் நகர்ந்த மாதிரி இருந்தது. மதில் சுவரில் காதை வைத்தேன். அங்கேதான் பலமாகக் கேட்டது, கீழே, தரையை ஒட்டி.

"சொவத்துக்கு அந்தாண்ட என்னா இருக்குது?"

"ரீட்டா வூடு. அவங்க தண்ணித் தொட்டி இருக்குதுக்கா, தரைக்குள்ள கட்டுனது. அவ வேலைக்குப் போயிருப்பா."

ரீட்டா பொம்மைக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற பெண் என்று ஜெயந்தி சொன்னாள். புருஷன் துபாயில், இவள் தனியாக இருக்கிறாள். நான் அவளைப் பார்த்ததில்லை, பேர்கூட அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எதற்கும் பார்க்கலாம் என்று தெருவைச் சுற்றிக்கொண்டு போனோம். கேட் தாழ் போடவில்லை. வாசலில் செருப்பு கிடந்தது. பக்கவாட்டில் தொட்டியின் மூடி நகர்த்தி வைத்திருந்தது, பக்கத்தில் தென்னந்துடைப்பம்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீருக்கு மேலே ஒரு முகம் மட்டும் தெரிந்தது.

தொட்டியைக் கழுவ இறங்கியிருக்கிறாள். இரும்பு ஏணி சறுக்கி, கீழே விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து, ஏணியும் அவள் மேலேயே விழுந்து அழுத்திவிட்டது. எழுந்திருக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருக்கிறாள். முனிசிபாலிட்டித் தண்ணீர்க் குழாயை மூடாமல் இறங்கியிருக்கிறாள், தண்ணீர் வந்துவிட்டது. அவள் தாடை வரைக்கும் ஏறியிருந்தது. தாடையோடு நின்றிருந்தது.

ஜெயந்தி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் வரட்டும் என்று நான் நிற்கவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஜெயந்தி வீட்டுத் துணிக்கயிற்றை அவிழ்த்து கேட்டுக் கம்பியில் கட்டி, அதைப் பிடித்து இறங்கினேன். எனக்கு இடுப்பளவுத் தண்ணீர். முதலில் ஏணியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை என் தோளில் ஏந்திக்கொண்டேன். மிஷினைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை இது, அன்றைக்குப் போல் ஒரு நாளும் எனக்கு உதவியதில்லை. குளிரில் அவள் உதடு கறுத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஒன்னும் இல்லம்மா, வந்துட்டேன், தூங்கிடாத" என்றேன்.

அவள் கண்ணை மூடியபடியே, "தெரியும்க்கா" என்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியில் ஏதோ சொல்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து பலகையில் கட்டி அவளை மேலே தூக்கினார்கள். அவர்களில் மூத்தவர் எனக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு, "நீங்க எறங்காம இருந்திருந்தா மயக்கத்துல தல சாஞ்சிருக்கும்மா, அவ்ளோதான்" என்றார். தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எந்த மேடையில் எந்தப் பொன்னாடை போர்த்தினாலும் அதற்கு ஈடாகாது.

என் கால் தொட்டியை விட்டு வெளியே வந்ததுதான் தாமதம், உள்ளே இருந்த முனிசிபாலிட்டிக் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்தது. மூடுவதற்குள் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தலைக்கு மேல் தண்ணீர் நின்றது.

அப்போது ஜெயந்தி தன் வீட்டுப் பின்கட்டில் இருந்து கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க." குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால், மிஷினுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி மிஷின் மேலேயே சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தேன், அது வைத்தபடியே இருக்கிறது. கரண்டு இல்லை, வால்வு திறக்க வழியில்லை, தண்ணீர் மட்டும் நிதானமாக ஏறித் துணி மூழ்குகிற அளவில் நின்றது. அதன் பிறகு அந்த மிஷினில் ஒரு கோளாறும் வரவில்லை. நான் கழற்றிய பழைய வால்வையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அதில்தான் துவைக்கிறாள்.

நீங்கள் கேட்கப் போவதை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். தண்ணீர் விடுகிற முனிசிபாலிட்டி ஆளைப் பிடித்து விசாரித்தேன். "அன்னிக்கு எங்கயும் நிறுத்தலம்மா, எதுத்த வூடு, அடுத்த வூடு எல்லாம் தொட்டி ரொம்பி வழிஞ்சுதே" என்றார். சரி, ரீட்டா வீட்டுக் குழாயில் அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெயந்தி மிஷினுக்கு வருவது அவள் வீட்டுப் போர்த் தண்ணீர், மாடி டேங்க்கில் இருந்து வருகிறது. இரண்டு வீட்டு லைனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சுவரை உடைத்துப் பார்க்காத குறையாக நான் பார்த்துவிட்டேன். ரீட்டா சுவரைத் தட்டியிருப்பாள், அதுதான் அந்தச் சத்தம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன்.

"நான் எங்கக்கா தட்டுனேன். கை ரெண்டும் ஏணிக்கு அடியில மாட்டிக்கிச்சு. கத்திப் பாத்தேன், தொண்டை கட்டிப்போச்சு. நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்களே, அதான் தெம்பா இருந்தேன்."

"தொட்டிக்குள்ள எறங்குன பொறவு ரெண்டு வார்த்தை பேசுனேன், அவ்ளோதானம்மா."

"அது இல்லக்கா. காலையில." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தண்ணி கழுத்துக்கு ஏறும்போது செத்தேன்னு நெனச்சேன். அப்பதான் உங்க குரல் கேட்டுது. தண்ணிய நிறுத்திட்டேன், இனிமே ஏறாது, மதியத்துக்குள்ள வந்துடுறேன், தூங்கிடாதன்னு சொன்னீங்க. ஒடனே தண்ணி நின்னுபோச்சு. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் ஜெயந்தி வூட்ல மிஷின் கத்துற சத்தமே கேட்டுது."

மிஷின் கத்திய பிறகுதான் ஜெயந்தி எனக்குப் போன் செய்தாள். ரீட்டா சொல்கிற நேரத்தில் நான் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு மிஷினைக் கவிழ்த்துப் போட்டு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். ரீட்டா என்று ஒருத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. மயக்கத்தில் ஏதாவது கேட்டிருக்கும் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "கொரல் தெரியாதாக்கா? உள்ள எறங்கி வந்துட்டேன்னு சொன்னீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, அதே கொரல்."

இப்போது அவள் நன்றாக நடக்கிறாள், வேலைக்குப் போகிறாள். மாதா படம் பக்கத்தில் என் போட்டோவையும் வைத்திருக்கிறாள், எடுத்துவிடு என்றால் கேட்பதில்லை. ஊரில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால், மிஷின் ரிப்பேர் என்று சொல்வதற்கு முன்பே ரீட்டாவைத் தூக்கிய கதையைச் சொல்கிறார்கள். நான் தலை நிமிர்ந்துதான் நிற்கிறேன். நிற்க மாட்டேனா?

ஒரே ஒரு விஷயம்தான். போன மாதம் அவள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு அந்தக் குரல் வேறு என்ன பேசியது என்று சும்மாதான் கேட்டேன். மதியம் வரை அத்தனை நேரம் பேசிக்கொண்டே இருந்தது என்றாளே. ரீட்டா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"நெறையா பேசுனீங்கக்கா. கடைசியா ஒன்னு சொன்னீங்க. உங்களைப் பத்தித்தான்."

"என்னா சொன்னேன்?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னீங்க."

எவ்வளவு கெஞ்சியும் அவள் வாயைத் திறக்கவில்லை. என் குரல்தான் சொல்லியிருக்கிறது. என்ன சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியாது.